கயிறு கனக்கும் இடம்

பங்காளிக்குப் பங்காளி மேல் வருவதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சகலைக்குச் சகலை மேல் வருவதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்க உட்கார்ந்தவனுக்கும் ஒரு சகலை இருந்திருப்பான். அவன் நினைப்பு வந்து வேலை கெட்டிருக்கும்.

எங்கள் மடத்தில் சடையப்பனுக்கு இருந்தது அந்தப் பெயரில்லாத காய்ச்சல்தான்.

நான் மடைப்பள்ளி ஆள். சோறு போடுகிறவனுக்குத் தெரியாமல் ஒருத்தரும் பொறாமைப்பட முடியாது. பக்கத்து இலையைப் பார்த்துவிட்டு அப்புறம் தன் இலையைப் பார்க்கிறவர் யார் என்பது எனக்கு அத்துப்படி.

சடையப்பனும் மாசிலாமணியும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவளைச் சடையப்பன், இளையவளை மாசிலாமணி. தலைத் தீபாவளிக்கு மாமனார் மூத்த மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார். இளையவருக்குத் தலைத் தீபாவளி வந்தபோது சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மோதிரம் விரலில் கிடந்தது. சைக்கிள் ஊரெல்லாம் சுற்றியது. அன்றைக்கு ஆரம்பித்தது.

காலம் போனது. இரண்டு சகோதரிகளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். சடையப்பன் நிம்மதி தேடி எங்கள் மடத்துக்கு வந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, வாசலில் பையும் கையுமாக மாசிலாமணி நின்றார்.

“சகலை, நீங்க இருக்கிற இடத்துல எனக்கும் ஒரு மூலை கிடைக்காதா?”

சடையப்பன் சிரித்தார். அன்று அவர் இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

எங்கள் குரு உமையாள் அம்மாவுக்கு அப்போது நாற்பது சொச்சம் வயதுதான். சிஷ்யர்கள் இருவரும் அவரைவிட மூத்தவர்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் யார் காலில் விழுவது என்று குழம்பி, நரைத்த தாடியைப் பார்த்து மாசிலாமணி காலில் விழுவார்கள். அவர் பதறிக்கொண்டு நகர்வார். பக்கத்தில் அதே நரைத்த தாடியோடு சடையப்பன் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி அந்தக் கலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மண்டபம் நீளம் அதிகம், அகலம் குறைவு. ஒரு மூலையில் சாம்பிராணி போட்டால் மறு மூலைக்குப் புகை போகாது. அதற்காக முன்னிருந்த குருமார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். உச்சி உத்தரத்தில் ஒரு கப்பி. கப்பி வழியாக ஒரு கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் சங்கிலி, சங்கிலியில் தணல் நிறைந்த செப்புக் கலயம். அந்திப் பூசையின்போது அது மண்டபத்தின் நீளவாக்கில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆடும். சனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று புகையைக் கையால் வாரித் தலையில் தடவிக்கொள்வார்கள்.

கிழக்கு முனையில் ஒரு மேடை. அங்கே மாசிலாமணி. கலயத்தைக் கவைக்கோலால் இழுத்து வைத்துக்கொண்டு ஆட விடுவது அவர். அது மேற்கே போய்த் திரும்பி மேடைக்கு வந்து, அந்தரத்தில் கண்சிமிட்டும் நேரம் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பிடி சாம்பிராணியை அதில் போடுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஆனால் விட்ட கலயம் அதே தூரத்துக்குத் தானாகத் திரும்பி வராது. போகப் போகக் குறையும். அந்தக் குறையை நிரப்பத்தான் கயிற்றின் மறு நுனி. அது மண்டபத்தின் நடுவில், ஒரு பெருந்தூணுக்குப் பின்னால் தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சடையப்பன். தூண் மறைப்பதால் ஆடுகிற கலயம் அவருக்குத் தெரியாது. அவரும் சனத்துக்குத் தெரியமாட்டார்.

வந்த புதிதில் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

“கயிறு கனக்கும்போது ஒரு முழம் இழுங்க. லேசாகும்போது ஒரு முழம் விடுங்க.”

அந்தத் தூணை ஒட்டித்தான் அம்மாவின் மணை எப்போதும் போட்டிருக்கும். ஏன் அங்கே என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சடையப்பனும் கேட்டதில்லை. அவர் நினைப்பு முழுக்க மேடை மேலேயே இருந்தது.

சடையப்பனுக்கு ஒரே மகள், தையல்நாயகி. வெகுநாள் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மடத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது மடைப்பள்ளி ஜன்னலில் மட்டும்தான். ஆகையால் அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, விட்டுப் போக முடியாது.

“மேடையில நின்னு சாம்பிராணி போடுறேன்மா,” என்றார்.

அவள் என்னவோ கேட்டாள்.

“சித்தப்பாவா? அவர் தூணுக்குப் பின்னாடி கயிறு இழுக்கிறாரு. பாவம்.”

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை அவர் சொன்ன அழகு இருக்கிறதே, வெல்லப்பாகு தோற்றுவிடும்.

போனை வைத்தபோது முகம் வெளுத்திருந்தது. குருபூசைக்குக் குழந்தையோடு வருகிறாளாம். மேடைக்குக் கீழேயே நிற்பாளாம். தாத்தா கையால் போட்ட புகைதான் பிள்ளைக்கு முதல் புகையாக இருக்க வேண்டுமாம்.

“உண்மையைச் சொல்லிடலாமே,” என்றேன்.

“நீ ரசத்தைப் பாரு,” என்றார்.

மறுநாள் காலை அவர் அம்மாவிடம் போனார். அம்மா அடுக்களை முற்றத்தில் சாம்பிராணிக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒரு விண்ணப்பம்.”

“சொல்லுங்க ஐயா.”

“குருபூசை அன்னைக்கு என்னை மேடைக்கு மாத்துங்க.”

“எதுக்கு?”

“ஒரு பிடி அள்ளிப் போடுறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? அதுக்கு அவன்தான் வேணுமா? எனக்கு வயிறு எரியுது அம்மா. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது.”

அம்மா ஒரு கட்டியை உடைத்தார். சிதறியதைச் சேர்த்து எடுத்தார்.

“கலயம் எந்த இடத்துல ரொம்ப வேகமாப் போகுது ஐயா?”

சடையப்பன் விழித்தார்.

“எனக்குத்தான் தூண் மறைக்குதே அம்மா.”

“கயிறு கையிலதானே இருக்கு? கையால பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அன்று அந்தியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அடுத்த நாள் அதே முற்றத்துக்கு வந்தார்.

“நடுவுல வரும்போது கயிறு கனக்குது அம்மா. தோள்பட்டையைக் கழட்டிடும்போல இருக்கு. ரெண்டு முனையிலயும் லேசாயிடுது.”

“சரி. வேகம் எங்கே?”

“முனையிலதான். இதென்ன கேள்வி? லேசானதுதானே வேகமாப் போகும்? பாரம் சுமக்கிறவன் எங்க ஓடுறான்? அதுவும் மேடைக்கிட்டப் பறக்கும். அங்கதான் சனம் ஓன்னு சத்தம் போடுது.”

அம்மா தலையாட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“அப்ப மேடை?”

“கயித்தைப் பிடிங்க ஐயா.”

சடையப்பன் நேரே என்னிடம் வந்தார். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டா கொட்டைப்பாக்கு விலை சொல்றாங்க,” என்றார். “அவன் மேல அம்மாவுக்கு அவ்வளவு பிரியம். இங்கயும் அவனுக்குத்தான் சைக்கிள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அழுகிற முகம் அது.

குருபூசை வந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். கலயத்துக்குத் தணல் என் அடுப்பிலிருந்துதான் போக வேண்டும். இரும்புச் சட்டியில் கங்குகளை அள்ளிக்கொண்டு போனேன். கலயத்தில் கொட்டிவிட்டுத் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

தையல்நாயகி தாமதமாக வந்தாள். அப்பாவைப் பார்க்க நேரமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சொன்னபடி மேடைக்குக் கீழே நின்றாள். தோளில் குழந்தை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் ஏறியது மாசிலாமணி.

அவள் முகம் குழம்பியது. சுற்றுமுற்றும் தேடினாள்.

மாசிலாமணி குனிந்து குழந்தையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம், “எங்க பேத்தி,” என்றார். அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அதில் பொய்யும் இல்லை, பாட்டியின் தங்கை புருஷனுக்கும் பேத்திதானே.

தூணின் விளிம்பில் தலையை நீட்டிச் சடையப்பன் அதைப் பார்த்துவிட்டார்.

அப்போது உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றி எரிந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். என் மகள், என் பேத்தி, என் பொய். அதிலும் நான் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கிறான். இன்றைக்கு ஒரு பிடிகூட அவன் போடக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு இருந்த எண்ணம்.

சங்கு ஊதினார்கள். மாசிலாமணி கலயத்தை விட்டார்.

கலயம் நடுவுக்கு வந்தது. கயிறு கனத்தது. சடையப்பன் இழுக்கவில்லை. கயிற்றை விட்டார். அது மேற்கு முனைக்குப் போய் லேசானபோது இழுத்தார். திரும்பி நடுவுக்கு வந்தபோது மறுபடி விட்டார். மேடைக்குப் போய் லேசானபோது வெடுக்கென்று இழுத்தார்.

மேடையில் மாசிலாமணியின் கை நீண்டது. கலயம் எட்டவில்லை, ஒரு முழம் மேலே போயிருந்தது. சாம்பிராணி தரையில் சிதறியது.

“அடடா,” என்றது கூட்டம்.

மறுபடியும் அதே. கனத்தபோது விட்டார், லேசானபோது இழுத்தார். அடுத்த தடவை கலயம் மேடை வரைக்கும் வரவே இல்லை. அதற்கடுத்த தடவை பாதித் தூரம். போகப் போக ஆட்டம் சுருங்கியது. கடைசியில் மண்டபத்தின் நட்டநடுவில், கிணற்றுக்குள் விட்ட வாளி போல, அது சும்மா தொங்கியது.

குருபூசை நாளில் கலயம் நின்றுபோனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சனம் முணுமுணுத்தது. அபசகுனம் என்றார் ஒருவர். மேடைக்குக் கீழே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

மாசிலாமணி மேடையிலிருந்து தூண் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லை. கப்பி சிக்கியிருக்கு. பழைய கப்பி. கொஞ்சம் பொறுங்க,” என்றார்.

கப்பியில் ஒரு சிக்கலும் இல்லை. எண்ணெய் போட்டது நான்.

தூணுக்குப் பின்னால் சடையப்பன் பல்லைக் கடித்தார். “அதுலயும் நல்ல பேர் அவனுக்கே,” என்றார் மெதுவாக.

அம்மா மணையிலிருந்து எழுந்தார். இரண்டே எட்டுத்தான். சடையப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன ஐயா செஞ்சீங்க?”

“லேசாகும்போது இழுத்தேன்.”

“எதுக்கு?”

“அவன் கைக்கு எட்டக் கூடாதுன்னு.”

“எட்டலையா?”

“எட்டலை.”

“யாருக்கெல்லாம்?”

மண்டபத்தில் வேறு சத்தமே இல்லாததால் குழந்தை அழுவது நன்றாகக் கேட்டது.

“இழுக்கக் கஷ்டமா இருந்துச்சா?”

“இல்லை அம்மா. ரொம்பச் சுலபமா இருந்துச்சு. கனக்கும்போது கயிறு தானாக் கையை விட்டு ஓடுச்சு. லேசாகும்போது சுண்டுவிரலே போதும்போல இருந்துச்சு.”

“தூணுக்கு முன்னால வாங்க.”

“வேண்டாம் அம்மா. பொண்ணு பாத்துடும்.”

“கயிறு அதுவரைக்கும் நீளும் ஐயா.”

குரு சொன்னால் சொன்னதுதான். கயிற்றைப் பிடித்தபடியே அவர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார். மொத்தக் கூட்டமும் பார்த்தது. கல்யாணத்தில் பாதித் தாலி கட்டும்போது மின்சாரம் போனால் எல்லாரும் ஒரே ஆளைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தது.

தையல்நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா? நீங்க மேடையிலன்னு சொன்னீங்க?”

சடையப்பன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பொய் சொன்னேன்மா. வந்த நாள்லேருந்து நான் கயிறுதான்.”

“ஏம்ப்பா?”

“சித்தப்பா மேல எரிச்சல். வேற ஒண்ணும் இல்லை.”

அவள் குழந்தையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

அம்மா மேடைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“மாசிலாமணி ஐயா, இறங்கி வந்து கலயத்தை லேசா ஒரு தள்ளு தள்ளுங்க.”

மாசிலாமணி வந்தார். கவைக்கோலால் கலயத்தை மெல்லத் தள்ளினார். அது ஒரு முழம் போனது, ஒரு முழம் வந்தது.

“சகலை,” என்றார் அவர். “இனிமே உங்க பாடு.”

சடையப்பன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கயிறு கனத்தது. இழுத்தார். லேசானது. விட்டார்.

ஒரு முழ ஆட்டம் இரண்டு முழமானது. அப்புறம் ஓர் ஆள் நீளம். அப்புறம் முன்வரிசைப் பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். மாசிலாமணி மேடைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது, ஓடினார்.

இத்தனை காலம் இழுத்த மனிதர் கலயம் ஆடுவதை முதல் முதலாகக் கண்ணால் பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். அதற்கு முன் நானும் எல்லாரையும் போல மேடையைத்தான் பார்ப்பேன்.

மேடைக்குப் போகப் போகக் கலயம் தயங்கியது. அங்கே போய் நின்றேவிட்டது. அதன் விளிம்பிலிருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது. பிறகு மனசில்லாமல் கிளம்பியது. கிளம்பியது கிளம்பியதுதான், நடுவுக்கு வரும்போது அதைக் காணவில்லை. ஒரு சிவப்புக் கோடுதான். எங்கள் முகத்தில் காற்று அறைந்தது. என் அடுப்பிலிருந்து நான் கொண்டுவந்த கங்குகள், முனைகளில் சாம்பல் பூத்துக் கிடந்தவை, எங்கள் முன்னால் வந்ததும் ரத்தமாகச் சிவந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கயிறு சடையப்பனின் தோளைப் பிடுங்கியது. இழுத்தார். போய்விட்டது.

குழந்தை அழுகையை நிறுத்தியது. கலயம் கடக்கும்போதெல்லாம் அதன் உச்சிமயிர் பறந்தது. கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தது. ஒரு தும்மல் போட்டது.

மேடையில் மாசிலாமணியின் கை நீண்டது. கலயம் கைக்குக் கீழே வந்து நின்றது. ஒரு பிடி விழுந்தது. வெள்ளைப் புகை எழுந்தது.

சனம் ஓவென்றது. எல்லார் முகமும் மேடைப் பக்கம். சடையப்பனை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அந்தப் புகை நடுவுக்கு வந்தபோது தையல்நாயகி குழந்தையின் தலையை அதற்குக் காட்டினாள். பிறகு அப்பாவின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அவர் கயிற்றை விடாமல் தலையை மட்டும் கொடுத்தார்.

பூசை முடிந்து பந்தி நடந்தது. சடையப்பன் சாப்பிட வரவில்லை. நான் இலையும் சோறுமாக மண்டபத்துக்குப் போனபோது அவர் தூணடியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மாசிலாமணி, கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம்.

“கையைக் காட்டுங்க சகலை. தோல் உரிஞ்சிருக்கு.”

“கப்பி சிக்கிச்சுன்னு ஏன் சொன்ன?”

“பின்ன என்ன சொல்லணும்? எங்க சகலைக்கு என் மேல எரிச்சல்னு மைக் போட்டுச் சொல்லவா?”

சடையப்பன் நிமிர்ந்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“சைக்கிள் வந்த நாள்லேருந்து தெரியும்.”

“அப்புறம் ஏன்யா என் பின்னாலயே மடத்துக்கும் வந்த?”

“உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா? அந்தச் சைக்கிள்லகூட உங்களைத்தானே பின்னாடி உக்காத்தி வச்சு ஊர் சுத்தினேன்.”

“அதுதான்யா எரிச்சலே. ஒரு நாளாவது ஓட்டக் குடுத்தியா?”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதே.”

சடையப்பன் எண்ணெய்க்குக் கையை நீட்டினார். வாய் மட்டும் கடுகடுவென்றே இருந்தது.

மாசிலாமணி எண்ணெய் தடவிவிட்டுப் பந்திக்குப் போனார். அம்மா கலயத்தை இறக்கிக் கங்குகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சடையப்பன் எழுந்து அவரிடம் போனார்.

“அம்மா, அன்னைக்குக் கேட்டதுக்கு இப்பச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க ஐயா.”

“நடுவுலதான். நான் நிக்கிற இடத்துலதான். கனமா இருக்கிறது மெதுவாத்தான் போகும்னு நினைச்சேன். அது வேகத்தால வந்த கனம்.”

“மேடையில?”

“அங்க நிக்குது. முனைக்குப் போனதும் இம்மிகூட அசையலை.”

அம்மா கடைசிக் கங்கின் மேல் தண்ணீரைத் தெளித்தார். அது சுர்ரென்றது.

“நாளையிலேருந்து நீங்க மேடையில நில்லுங்க ஐயா. மாசிலாமணி ஐயா கயித்துக்கு வரட்டும்.”

நான் இலையோடு அப்படியே நின்றேன். இந்த வார்த்தைக்காகத்தானே மனிதர் இத்தனை காலம் வெந்தார். சடையப்பன் மேடையைப் பார்த்தார். எண்ணெய் மினுங்கும் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“வேண்டாம் அம்மா.”

“எரிச்சல் போயிடுச்சா?”

“எங்க போச்சு? எரியத்தான் செய்யுது. ஆனா கயித்தை அவன்கிட்டக் குடுக்க மனசு வரலை.”

அம்மா கலயத்தைக் கவிழ்த்தார். சாம்பலும் கரியும் கொட்டின.

சடையப்பனின் கண் மறுபடியும் மேடைக்கே போனது.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் அம்மா. காத்து நடுவுல. கங்கு சிவக்கிறது நடுவுல. கயிறு கனக்கிறது நடுவுல. அப்புறம் ஏன் இந்தச் சனம் மேடையையே பாக்குது?”

அம்மா கலயத்தைத் துணியால் துடைத்தார். விளிம்பிலிருந்த நசுங்கலில் விரல் வைத்துப் பார்த்தார்.

“நிக்கிறதுதானே ஐயா கண்ணுக்குத் தெரியும்.”